மேடையோரம்: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் தில்லி இசைக்குழுவான ‘இந்தியன் ஓஷன்’ பற்றி இரண்டே பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. சினிமாப் பின்னணி இசை பற்றிக் கேட்டிருந்தவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முப்பது வருஷமாக எத்தனையோ கச்சேரிக்கு மைக் வைத்திருக்கிறீர்கள். இந்தக் குழுவை மட்டும் இப்படித் தூக்கிப் பேசக் காரணம் என்ன? பாட்டெல்லாம் ஹிந்தி. எனக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை.
– கல்லூரி மாணவர், விருதுநகர்

எனக்கும் ஹிந்தி தெரியாது தம்பி. திண்டுக்கல்லில் என் மாமாவின் மைக் செட் கடையில் ஒயர் சுற்றி வளர்ந்தவன் நான். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியதுதான் என் படிப்பு. அதனால் பாட்டின் பொருள் விளங்குவதற்கு முன்பே, வாசிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கிறார்களா இல்லையா என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

2000-களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கல்லூரி விழாவுக்கு மானிட்டர் பார்க்கப் போயிருந்தேன். மானிட்டர் என்பது பாடுகிறவரின் காலடியில் அவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் பாக்ஸ். ஜனங்களுக்கு எப்படிக் கேட்கிறது என்பதைக் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மிக்சர்காரர் பார்த்துக்கொள்வார். மேடையில் ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதில் விழுகிறதா என்பது என் பொறுப்பு. அதற்காக நான் நிற்பது மேடையின் ஓரத்தில், திரைச்சீலைக்கு ஒட்டினாற்போல. கச்சேரியைப் பக்கவாட்டில் பார்க்கிற இடம் அது. கூட்டத்துக்குத் தெரியாத பல விஷயம் அங்கே தெரியும்.

அன்று மேடையில் நான்கு பேர். சுஸ்மித் சென் கிதார். ராகுல் ராம் பேஸ் கிதாரும் பாட்டும். அமித் கிலாம் டிரம்ஸ். அஷீம் சக்கரவர்த்தி தபலா. ராக் குழு என்றால் டிரம்ஸ்காரரைத் தவிர எல்லோரும் நின்றுதான் பார்த்திருக்கிறேன். அஷீம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் தபலா. வாசித்துக்கொண்டே அடிவயிற்றிலிருந்து பாடினார்.

கேட்பவருக்கு அது சுகம், மைக் வைப்பவருக்குச் சோதனை. பாடுகிற வாய்க்கும் தபலாவுக்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை. குரல் போதவில்லை என்று அந்த மைக்கை ஏற்றினால் தபலாவும் சேர்ந்து ஏறும். பின்னாலிருந்து டிரம்ஸின் சிம்பல், அதாவது உலோகத் தட்டுகளின், சத்தமும் அதே மைக்கில் வந்து கொட்டும். சவுண்ட் செக்கில் நான் இதோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். ராத்திரி கச்சேரி ஆரம்பித்ததும் பார்க்கிறேன், அஷீம் வாய் திறக்கிற இடங்களில் எல்லாம் அமித்தின் கை சிம்பலை விட்டு இறங்கிவிடுகிறது. பாட்டு முடிந்து கிதார் தலையெடுத்ததும் மறுபடி சிம்பலுக்குப் போகிறது. என் மிக்சரில் நான் தேடிய தீர்வு அவர் கையில் இருந்தது.

தபலா பூ மாதிரி, டிரம்ஸ் சம்மட்டி மாதிரி. இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றினால் சம்மட்டிதான் ஜெயிக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே ஜெயிக்கக்கூடியவர் கையை எடுத்துக்கொண்டார். ‘கலப்பிசை’, ‘ஃப்யூஷன்’ என்று எத்தனையோ போஸ்டர் பார்த்துவிட்டேன். இரண்டு ஊர் வாத்தியத்தைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் கொடுத்து அனுப்புவதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். நான் கலப்பு என்று நம்புவது, ஒருவர் வாசிக்க இன்னொருவர் இடம் விடுவதை.

அது ஒரே நாளில் வந்ததில்லை. சுஸ்மித்தும் அஷீமும் 1990-ல் குழுவைத் தொடங்கினார்கள். ராகுல் ராம் அடுத்த வருஷம் சேர்ந்தார். முதல் ஆல்பம் 1993-ல் வந்தது. அமித் 1994-ல் வந்தார். அப்புறம் நால்வரும் பதினைந்து வருஷம் சேர்ந்தே வாசித்தார்கள். அமித் டிரம்ஸை விட்டு இறங்கி கப்குபி வாசிப்பதை ஒருமுறை தேடிப் பாருங்கள். வங்காளத்துப் பாவுல் பாடகர்கள் கையில் இருக்கும் சின்ன வாத்தியம் அது. குடுவை மாதிரி உடம்பு, ஒரு பக்கம் தோல், தோலிலிருந்து புறப்படும் தந்தி. உடம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தந்தியை இழுத்துப் பிடித்து மீட்ட வேண்டும். இழுக்க இழுக்கச் சுருதி ஏறும், விட்டால் இறங்கும். பேசுகிற மாதிரியே இருக்கும்.

வார்த்தை புரியவில்லை என்றீர்கள். ‘மா ரேவா’ என்ற பாட்டிலிருந்து தொடங்குங்கள். ரேவா என்பது நர்மதைக்கு இன்னொரு பெயர். அந்த ஆற்றங்கரை ஜனங்களின் பாட்டு அது. ராகுல் ராம் அணைகளுக்கு எதிரான நர்மதைப் போராட்டத்தில் அந்த மக்களோடு இருந்தவர். மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது எங்கிருந்து வந்தது, யார் பாடியது என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுத்தான் பாடுவார். எனக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும். வாங்கியதை வாங்கிய இடம் சொல்லிப் பாடுகிறவரை நம்பலாம்.

இந்தக் குழுவின் ‘கந்தீசா’ பாட்டைக் கேட்டேன். கேரளத்தில் தோழி வீட்டுத் திருமணத்தில் இது போலவே கேட்ட நினைவு. கோயிலில் பாடுவதை டிரம்ஸோடும் எலெக்ட்ரிக் கிதாரோடும் பாடலாமா? மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.
– ஆசிரியை, மார்த்தாண்டம்

உங்கள் நினைவு சரிதான் அம்மா. அது சுரியானி மொழி. இயேசு பேசிய அரமேயத்தின் ஒரு கிளை. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டில் அந்த மொழி பல நூற்றாண்டாக இருக்கிறது. இறைவனைத் தூயவர் என்று துதிக்கும் பாட்டு அது. கந்தீசா என்றாலே தூயவர். நம் ஊரில் அப்துல் குத்தூஸ் என்று பெயர் வைக்கிறார்கள் அல்லவா? அந்தக் குத்தூஸுக்கும் இந்தக் கந்தீசாவுக்கும் வேர் ஒன்றுதான். இதை எனக்குச் சொன்னவர் திண்டுக்கல்லில் எங்கள் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர். அவர் பெயரும் குத்தூஸ்தான் என்பதால் அந்தப் பாட்டு அவருக்கு ரொம்ப நெருக்கமாகிவிட்டது. கடையில் கேசட் தேயத் தேயப் போட்டார்.

பாடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நானும் கோயில் வாசலில் செட் கட்டியவன்தான், எந்த நேரத்தில் எந்தப் பாட்டு போடலாம், போடக்கூடாது என்று பெரியவர்களிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டவன். என் அளவுகோல் ஒன்றுதான். அந்தப் பாட்டைத் துள்ளவைக்க எடுத்தார்களா, அல்லது அது இழுக்கிற பக்கம் இவர்கள் போனார்களா? ‘கந்தீசா’ மெதுவாகத் தொடங்கும். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து சேரும். நிமிஷக்கணக்கில் அதே சொல்லைத்தான் திருப்பித் திருப்பிப் பாடுகிறார்கள். ஏறி ஏறிப் போகும்போது கூட்டமும் பாட ஆரம்பிக்கும். சுரியானி என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகள், மத வித்தியாசம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பாடுவதை மேடையோரத்தில் நின்று பார்த்தேன். எனக்கு அதில் அவமரியாதை எதுவும் தெரியவில்லை. 2000-ல் வந்த ஆல்பத்துக்கே அந்தச் சொல்லைத்தான் பெயராக வைத்தார்கள்.

நல்ல ஹெட்ஃபோன் வாங்கிவிட்டேன். யூடியூபில் எல்லா நிகழ்ச்சியும் கிடைக்கிறது. பின்னே எதற்குக் காசு கொடுத்து, கூட்டத்தில் நசுங்கி, நேரில் போய்க் கேட்க வேண்டும்?
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

ஹெட்ஃபோனில் உங்களுக்குக் கிடைப்பது வேறு ஒருவர் கலந்து முடித்த சத்தம். நேரில் போனால் பேஸ் கிதார் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூட்டில் வந்து தட்டும். ஆனால் அதற்காக மட்டும் போகச் சொல்லமாட்டேன்.

இந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘டெசர்ட் ரெய்ன்’ எப்படி வந்தது தெரியுமா? சப்தர் ஹாஷ்மி என்ற தெருநாடகக் கலைஞர். 1989 புத்தாண்டு அன்று தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாதில் தொழிலாளர்கள் முன்னால் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது அவரைத் தாக்கினார்கள். மறுநாள் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 34. அவர் நினைவாக ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் தில்லியில் கலைஞர்கள் கூடுவார்கள். 1997-ல் மண்டி ஹவுஸ் பகுதியில் நடந்த அந்தக் கூட்டத்தில் இந்தியன் ஓஷன் வாசித்தது. அன்றைக்குப் பதிவான சத்தம்தான் ஆல்பமானது. ஸ்டுடியோவுக்குள் போய் ஒழுங்குபடுத்தி எடுத்ததல்ல. தில்லி ஜனவரிக் குளிரில், திறந்த வெளியில், நண்பனைப் பறிகொடுத்தவர்கள் முன்னால் வாசித்தது.

குளிரில் தபலா என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். தோல் வாத்தியம், காற்றின் ஈரத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி சுருதி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் சின்னச் சுத்தியால் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சேர்ப்பார்கள். அந்த அரை நிமிஷத்தில் கிதார்காரர் மெதுவாக ஒரு சுரத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார். வீடியோவில் இதை வெட்டிவிடுவார்கள். நான் கச்சேரிக்குப் போவதே அந்த அரை நிமிஷத்துக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன். போய்ப் பாருங்கள். பெரிய பாக்ஸுக்கு நேர் முன்னால் நிற்காமல், மிக்சருக்குப் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே கேட்பதுதான் மிக்சர்காரர் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று நினைத்த சத்தம்.

அஷீம் சக்கரவர்த்தி இறந்த பிறகும், சுஸ்மித் சென் போன பிறகும் அது அதே குழுதானா?
– வாசகர், புதுச்சேரி

அஷீம் 2009 டிசம்பர் 25-ல் போனார். கிறிஸ்துமஸ் ராத்திரி ஒரு வேலையில் இருந்தபோது சேதி வந்தது. அன்று மேலே பாக்ஸில் என்ன பாட்டு ஓடியது என்றே எனக்கு நினைவில்லை.

அவர் இடத்துக்கு இரண்டு பேர் வர வேண்டியிருந்தது. தபலாவுக்குத் துஹின் சக்கரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி. ஒருவர் உட்கார்ந்த இடத்தில் இருவர். அதுவே அவருக்குச் செய்த மரியாதை. சுஸ்மித் 2013-ல் விலகினார், நிகில் ராவ் கிதார் எடுத்தார். பழைய நால்வரை நேரில் கேட்டவன் என்பதால் எனக்கு அந்தக் குரல் இன்னும் ஏங்க வைக்கும். ஆனாலும் இப்போதைய ஐவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இடம் விடுகிற பழக்கம் அவர்களிடமும் இருக்கிறது.

நான் நாதஸ்வர செட்டில் தவில் வாசிப்பவன். ஒரு ராக் குழு எங்களைச் சேர்ந்து வாசிக்கக் கூப்பிட்டது. மேடையில் எனக்குக் கிதாரைத் தவிர எதுவும் கேட்கவில்லை. நாயனத்துக்கும் கிதாருக்கும் சுருதி ஒட்டவே இல்லை. இரண்டு பாட்டோடு இறக்கிவிட்டார்கள். தப்பு எங்களுடையதா?
– தவில் கலைஞர், கும்பகோணம் பக்கம்

இல்லை ஐயா. தப்பு உங்களுடையது இல்லவே இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இப்படி நடந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். கிதாருக்கும் டிரம்ஸுக்கும் ஒன்றரை மணி நேரம் சவுண்ட் செக் பார்த்துவிட்டு, கதவு திறக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது “தவில் அண்ணே, ஒரு தட்டு தட்டுங்க” என்பார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே அடுத்த முறை கூப்பிட்டால், ஒப்புக்கொள்ளும் முன்பே கீழே உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் சுருதி. பாரி நாயனம், அதாவது நீளமான நாதஸ்வரம், பெரும்பாலும் சுருதி அளவில் இரண்டு, இரண்டரை கட்டையில் நிற்கும். கிதாரின் தடித்த தந்தி, எதையும் அழுத்தாமல் மீட்டினால், மூன்று கட்டை. நாயனத்தை இழுத்து மூன்றுக்குக் கொண்டுவரச் சொன்னால் அது கொடுமை. கிதாரின் ஆறு தந்தியையும் அரைக் கட்டை தளர்த்தினால் இரண்டரை, ஒரு கட்டை தளர்த்தினால் இரண்டு. இரண்டு நிமிஷ வேலை. பேஸ் கிதாரும் அப்படியே. கிதார் தம்பியிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். மரக்குழலைத் திருக முடியாது, தந்தியைத் திருகலாம். திருக முடிந்தவர்தான் இறங்கி வர வேண்டும்.

அடுத்தது மைக். தவிலுக்கு இரண்டு மைக் வேண்டும், விரலால் வாசிக்கும் வலந்தலைக்கு ஒன்று, குச்சியால் அடிக்கும் தொப்பிக்கு ஒன்று. ஒரே மைக்கை நடுவில் வைத்தால் உங்கள் கூடு மாட்டிய விரல் விழுகிற துல்லியம் போய், குச்சி அடி மட்டும் பொத்துப் பொத்தென்று கேட்கும். தவிலுக்குச் சத்தம் குறைவதே கிடையாது. குறைவது தெளிவு. தொப்பியும், டிரம்ஸில் காலால் மிதித்து அடிக்கும் பெரிய பேஸ் டிரம்மும் ஒரே அடித்தளத்தில் பேசுகிறவை. நீங்கள் தொப்பியில் கோர்வை வைக்கிற இடத்தில் டிரம்ஸ்காரர் காலை எடுக்கச் சொல்லுங்கள். நல்ல டிரம்ஸ்காரர் சொல்லாமலே எடுப்பார்.

நாயனத்தின் மைக்கை, குழலின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்குள் திணிக்கிறார்கள். அது பெரிய பிழை. நாதம் அணசு வழியாக மட்டும் வருவதில்லை, விரல் துளைகள் வழியாகவும் வருகிறது. ஒன்றரை, இரண்டு அடி தள்ளி, குழலின் கீழ்ப்பாதியைப் பார்த்தாற்போல வைத்தால்தான் கமகம் முழுசாக வரும். வாசிப்பவர் அசைவார், அசையட்டும்.

கடைசியாக, உங்களுக்கென்று தனி மானிட்டர். அதில் நாயனமும், சுருதிப் பெட்டியும், கொஞ்சம் டிரம்ஸும் போதும். கிதார் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது எப்படியும் காதில் விழும். சவுண்ட் செக்கில் உங்கள் செட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். சத்தம் அதிகமான வாத்தியத்தை முதலில் நிறுத்தி, மற்றவர்களை அதற்குத் தக்கபடி ஏற்றுவதுதான் சரியான முறை. இதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாமே இப்படி ஒரு தாள் அனுப்பிவிட்டுத்தான் மேடை ஏறுகின்றன. நீங்கள் ஏன் அனுப்பக் கூடாது?

இதுபோல வேறு எந்தக் குழுவைக் கேட்கலாம்? இரண்டு பெயர் மட்டும் சொல்லுங்கள்.
– வாசகி, ஓசூர்

சந்தானா. கார்லோஸ் சந்தானா மெக்சிகோவில் பிறந்தவர், குழு சான் பிரான்சிஸ்கோவில் வளர்ந்தது. 1969 ஆகஸ்ட் 16-ல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவில் வாசித்தபோது அவர்களின் முதல் ஆல்பமே கடைக்கு வந்திருக்கவில்லை. லத்தீன் அமெரிக்கத் தோல் வாத்தியங்களான காங்காவும் டிம்பாலேயும் டிரம்ஸோடு மோதாமல் பின்னிக்கொள்வதை அந்தப் பதிவில் பார்க்கலாம். டிரம்ஸ்காரர் மைக்கேல் ஷ்ரீவுக்கு அன்று வயது 20.

இன்னொன்று தினாரிவன். சகாரா பாலைவனத்தின் துவாரெக் மக்கள். குழுவைத் தொடங்கிய இப்ராகிம் அக் அல்ஹபீப் சின்னப் பையனாக இருந்தபோது, 1963 கிளர்ச்சியில், அவருடைய அப்பாவை மாலி ராணுவம் கொன்றது. அவர் செய்த முதல் கிதார் ஒரு தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் ஒயர். 1979-ல் அல்ஜீரியாவின் தமன்ராசெட்டில் குழு சேர்ந்தது. வருஷக்கணக்கில் அவர்கள் பாட்டு கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிந்து பாலைவனம் முழுக்கப் போனது. 2012-ல் ‘தஸ்ஸிலி’ ஆல்பத்துக்குக் கிராமி விருது வாங்கினார்கள். மேடையில் நீள அங்கி, முகத்தைச் சுற்றிய தலைப்பாகை, நான்கைந்து பேரின் கைத்தட்டு. அந்தக் கைத்தட்டைக் கவனமாகக் கேளுங்கள். எனக்கு எங்கள் ஊர்க் கும்மி ஞாபகம் வந்துவிடும்.

என் மகனுக்குப் 16 வயது. நண்பர்களோடு சேர்ந்து பேண்ட் வைக்கப் போகிறானாம். படிப்பு கெட்டுவிடும் என்று அவன் அப்பா தடுக்கிறார். நான் நடுவில் கிடந்து தவிக்கிறேன்.
– ஒரு தாய், நாமக்கல்

அப்பாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள் அம்மா. மேலே சொன்ன ராகுல் ராம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். படித்தவர் கையில் பேஸ் கிதார் நன்றாகவே நிற்கிறது. பரீட்சை எழுதட்டும், பேண்டும் வைக்கட்டும்.

உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. ஒரு இடம் கொடுங்கள். இந்தியன் ஓஷன் தில்லி கரோல்பாகில் ஒரு பழைய வீட்டில் வருஷக்கணக்காகப் பயிற்சி செய்தது. 2010-ல் வந்த ஆல்பத்துக்கு அந்த வீட்டு விலாசத்தையே, ‘16/330 கஜூர் ரோடு’ என்று, பெயராக வைத்தார்கள். அந்தப் பாட்டுகளை மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகவும் கொடுத்தார்கள். இடத்தின் அருமை தெரிந்தவர்கள்.

மாடியில் பின்பக்க அறை இருந்தால் போதும். ஜன்னலில் பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சாய்த்து வையுங்கள், அட்டைப்பெட்டி ஒட்டினால் சத்தம் நிற்காது. டிரம்ஸுக்கு அடியில் கனத்த ஜமுக்காளம் இரண்டு மடிப்பு போடுங்கள், கீழ்வீட்டுக்குக் குதிகால் அடி இறங்குவது குறையும். சாயங்காலம் ஆறு முதல் எட்டு வரை என்று நேரம் வைத்து, பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பையன்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பாடுகிறவன் குரல் மைக் இல்லாமல் அந்த அறைக்குள் கேட்கிற அளவுக்குத்தான் மற்றவர்கள் வாசிக்க வேண்டும். முதல் வாரம் முடியாது. மூன்றாவது வாரம் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.